கோடாலி ஜெயித்த விவரம்

அன்பும் பொறுமையும் நிறைந்த மைத்துனனுக்கு, உன் அத்தான் ஆசி கூறி எழுதிக்கொள்வது.

இங்கே உன் அக்கா நலம். நானும் நலம், வலது தோள் நீங்கலாக. அதைப் பற்றி உரிய இடத்தில் வரும். அங்கே நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் உன் இரும்புக் கடையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் நீ அதே நலத்தோடு இருக்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொள்கிறேன். ஏனென்றால் இது நலம் விசாரிக்கிற கடிதம் இல்லை, வெற்றிக் கடிதம். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் சொன்னால் நடுவில் நடுவில் நீ சிரிப்பாய். கடிதத்தைப் படித்துச் சிரித்தால் எனக்குக் கேட்காது. தவிர, பம்ப் தொழிற்சாலையில் முப்பத்திநாலு வருஷம் ஸ்டோர்கீப்பராக இருந்தவனுக்கு, எழுத்தில் வராத எதுவும் நடந்ததாகவே அர்த்தமில்லை.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோடாலி ஜெயித்துவிட்டது. உன் மடக்கு ரம்பம் தோற்றுவிட்டது. இனி விவரம்.

போன வருஷம் மகளும் மாப்பிள்ளையும் எங்களைக் காட்டோரத்தில் கூடாரம் போட்டுத் தங்க அழைத்துப் போனார்கள் அல்லவா, அந்தப் போட்டோ உனக்கும் வந்தது, நீயும் பார்த்துவிட்டு "அத்தான், சூப்பரா உக்காந்திருக்கீங்க" என்று பதில் போட்டாய். அந்தப் போட்டோவை இன்னொரு தரம் எடுத்துப் பார். நான் ஒரு மடக்கு நாற்காலியில் இருக்கிறேன். மடியில் யாரோ சால்வை போட்டிருக்கிறார்கள், கையில் யாரோ கப்பைக் கொடுத்திருக்கிறார்கள். பின்னால் மாப்பிள்ளை கூடாரத்துக்கு முளை அடிக்கிறார், மகள் அடுப்பு மூட்டுகிறாள், உன் அக்கா உருளைக்கிழங்கு நறுக்குகிறாள். நான் எழுந்தால் மகள் "அப்பா, நீங்க உக்காருங்க" என்றாள். கயிறாவது பிடிப்போமே என்று போனால் மாப்பிள்ளை "மாமா, நீங்க உக்காருங்க" என்றார். இரண்டு நாள், மச்சான், முழுசாக இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஸ்டோரில் ஓடாத மோட்டார், உடைந்த வால்வு எல்லாவற்றையும் கடைசி அலமாரியில் வைத்து, 'கழிவு' என்று எழுதின சீட்டைக் கட்டித் தொங்கவிடுவோம். அதை யாரும் தொட மாட்டார்கள், திட்டவும் மாட்டார்கள், தூசி படியாமல் மேலே ஒரு துணி போட்டு வைப்போம், அவ்வளவுதான். மடியில் அந்தச் சால்வையோடு உட்கார்ந்திருந்தபோது எனக்கு அந்த அலமாரிதான் ஞாபகம் வந்தது. உன்னிடம் சொல்ல என்ன வெட்கம், அழுகை வந்தது. புகை கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

அதனால் இந்த வருஷம் மகள் போன் செய்து, "அப்பா, அடுத்த மாசம் போறோம், நீங்க ஒண்ணும் கொண்டுவர வேணாம், நீங்க வந்தா மட்டும் போதும்" என்றதும் எனக்குச் சுருக்கென்றது. 'வந்தா மட்டும் போதும்' என்று யாரிடம் சொல்வார்கள்? எந்த வேலைக்கும் ஆகாதவனிடம்தான். நான் யோசிக்கவே இல்லை, வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்: "விறகு என் பொறுப்பு." அந்தப் பக்கம் போனைக் கையால் மூடிக்கொண்டு அவள் மாப்பிள்ளையிடம் ஏதோ கிசுகிசுப்பது கேட்டது. பிறகு சொன்னாள்: "சரிப்பா, விறகு உங்க பொறுப்பு. ஆனா விறகு இல்லேன்னா டீயும் இல்ல, சாப்பாடும் இல்ல, தெரியும்ல? முடியலேன்னா இப்பவே சொல்லிடுங்க, கேஸ் அடுப்பு எடுத்துட்டு வந்துடறோம்." நான் சொன்னேன்: "கேஸ் அடுப்பு வந்தா நான் வரமாட்டேன்." இதில் விறகா பெரிசு? இந்தத் தடவை விறகு வரவில்லை என்றால் அடுத்த தடவை எனக்கு நாற்காலிதான், அதற்கடுத்த தடவையும் நாற்காலிதான். ஆயுள் முழுக்க நாற்காலிதான்.

பொறுப்பு வந்துவிட்டது. எதை வைத்து வெட்டுவது என்பதுதான் கேள்வி. மூன்று வாரம் ஆராய்ச்சி செய்தேன். ஒரு பெரிய தாளில் கோடு போட்டு இந்தப் பக்கம் கோடாலி, அந்தப் பக்கம் மடக்கு ரம்பம் என்று எழுதி எடை, நீளம், ஆபத்து, பராமரிப்பு, கௌரவம் என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டேன். ராத்திரி சாப்பிடும்போது அதை உன் அக்காவுக்கு வாசித்துக் காட்டினால், "ரம்பத்தை வாங்கறீங்களோ இல்லியோ, நல்லா போடறீங்க" என்று தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எடையில் ரம்பம், ஆபத்தில் ரம்பம், பராமரிப்பில் ரம்பம், கௌரவத்தில் மட்டும் கோடாலி. நியாயமாகப் பார்த்தால் ரம்பம்தான் என்று பென்சிலால் எழுதியும் வைத்துவிட்டேன். எதற்கும் இரும்புச் சாமான் விற்கிறவனை ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று உனக்குப் போன் செய்தேன். நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "அத்தான், யோசிக்கவே வேணாம், மடக்கு ரம்பம் வாங்குங்க. பையில போட்டுக்கலாம், சத்தமில்லாம அறுக்கும், கை நழுவினாலும் கால்ல விழாது." அங்கேயே நிறுத்தியிருந்தால் நீயும் நானும் இன்றைக்கு ஒரே கட்சி. நீ நிறுத்தவில்லை. "உங்க வயசுக்குக் கோடாலி எல்லாம் எதுக்கு?" என்றாய். நான் போனை வைத்தேன், ரப்பரை எடுத்தேன், 'ரம்பம்' என்று எழுதியிருந்ததை அழித்தேன், செருப்பை மாட்டிக்கொண்டு தெருக்கோடிக் கடைக்குப் போய்க் கோடாலியோடு திரும்பி வந்தேன். உன் கடையில் வாங்கவில்லை என்று வருத்தப்படாதே. அது நீயாகத் தேடிக்கொண்டது. மடக்கு நாற்காலியில் பட்ட பாட்டுக்குப் பிறகு மடங்குகிற சாமான் எதையும் நம்பக்கூடாது என்றும் முடிவு செய்துவிட்டேன்.

கோடாலி வந்த பிறகு பழக வேண்டாமா? எங்கள் வீடு மூன்றாவது மாடி. பால்கனியில் பழைய கட்டில் கால் ஒன்று கிடந்தது, அதை நிறுத்தி வைத்துத் தினம் காலையில் பத்து போடு போட்டேன். நாலாவது நாள் கீழ் வீட்டுப் பாட்டு டீச்சர் மேலே ஏறி வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் ரொம்ப மரியாதையாக, "சார், அடிக்கிறதுதான் அடிக்கிறீங்க, ஒரே இடைவெளி விட்டு அடிங்க. நீங்க அஞ்சு அடி அடிச்சுட்டு மூச்சு வாங்கறீங்க, கீழ என் பிள்ளைங்க எல்லாம் பாட்டை நிறுத்திட்டு உங்களுக்காகக் காத்திருக்குதுங்க" என்றார். அன்றைக்கு மூச்சை அடக்கி ஒரே சீராகப் பத்து அடித்தேன். கட்டில் கால் அப்படியே இருந்தது. நல்ல மரம், அந்தக் காலத்துக் கட்டில். கோடாலியைக் குறை சொல்ல முடியாது.

இதற்கு நடுவில் உன் பார்சல் வந்தது. பிரித்தால் மடக்கு ரம்பம், கூடவே 'அத்தான், எதுக்கும் இருக்கட்டும்' என்று ஒரு சீட்டு. எதுக்கும் இருக்கட்டுமாம்! வீட்டில் நான் வைத்திருக்கும் வரவுப் பதிவேட்டில் 'கேட்காத சரக்கு, ஏற்கப்படவில்லை' என்று சிவப்பு மையில் எழுதிப் பரண் மேல் போட்டேன். குலத்தைக் கெடுக்க வந்த கோடாலிக் காம்பு என்று சொல்வார்கள். எங்கள் வீட்டில் கோடாலிக்குக் காம்பு ஒழுங்காகத்தான் இருந்தது. ரம்பத்துக்குத்தான் உள்ளே ஆள் இருந்தது. அது யார் என்று பின்னால் தெரியவரும், உனக்கு இப்போதே தெரிந்திருக்கும்.

கிளம்புகிற நாள். கூர் உள்ள எந்தச் சாமானும் பாதுகாப்பில்லாமல் ஸ்டோரை விட்டு வெளியே போகக்கூடாது என்பது என் சட்டம். முப்பத்திநாலு வருஷத்தில் ஒரு தடவைகூட மீறியதில்லை. கோடாலிக்குத் தலையிலிருந்து காம்பு நுனி வரை கிரீஸ் தடவி, மெழுகுத்தாள் சுற்றி, அதன் மேல் சாக்கு சுற்றி, கோணி ஊசியால் தைத்து, குறுக்கும் நெடுக்கும் கம்பி கட்டி, கம்பி முனையில் ஈய முத்திரை வைத்து நசுக்கினேன். அடடா, பார்க்கப் பார்க்க அழகு. ஓய்வு பெற்ற பிறகு நான் மனநிறைவோடு செய்த முதல் வேலை அதுதான். பேக்கிங் என்றால் அது பேக்கிங். கடலில் போட்டாலும் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது. அதைத் திறக்க வேண்டும் என்பது மட்டும் அப்போது எனக்குத் தோன்றவில்லை. எங்கள் ஸ்டோரில் கட்டி அனுப்புவதுதான் என் வேலை, பிரிப்பது வாங்குகிறவன் வேலை.

மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். காட்டுக் காவலர் வந்து, நிற்கிற மரத்தில் கை வைக்கக்கூடாது, காற்றில் விழுந்த மரம் ஒன்று அங்கே கிடக்கிறது, அதை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம் என்று காட்டிவிட்டுப் போனார். தொடைப் பருமனில் எட்டடி மரம், கிளைகளெல்லாம் நன்றாகக் காய்ந்து கிடந்தது. நமக்கென்றே விழுந்த மாதிரி இருந்தது. கோடாலியை எடுக்கலாம் என்று திரும்பினால் முதலில் கண்ணில் பட்டது எது தெரியுமா? அந்த மடக்கு நாற்காலி. விரித்து, மேலே சால்வை போட்டு, தயாராக வைத்திருந்தார்கள். கோடாலி மூட்டையை எடுத்துக்கொண்டு விழுந்த மரத்துக்குப் பக்கத்தில் போய்விட்டேன்.

கம்பியை நறுக்கக் குறடு வேண்டும். குறடு வீட்டில் இருக்கிறது. சாக்கைக் கிழிக்கக் கத்தி வேண்டும். கத்தி உன் அக்காவிடம் இருக்கிறது. கேட்டதற்கு, "கிழங்கு நறுக்கற கத்தியில கிரீஸ் படறதா? நல்லாருக்கே!" என்றாள். கல்லை வைத்துக் குத்தினேன். கார் சாவியை விட்டு நெம்பினேன், மாப்பிள்ளை நல்ல மனுஷன், சாவி வளைந்ததைப் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் தையலைப் பல்லால் கடித்து இழுத்தேன். அப்போதுதான் அவர் பதறி ஓடிவந்தார். அவர் பல் டாக்டர் என்பது உனக்குத் தெரியும். "மாமா, சாவி போனா போகுது, பல்லு நான் கட்டினது!" என்றார். முக்கால் மணி நேரம் போய்விட்டது, கோடாலி இன்னும் வெளியே வரவில்லை. அந்த நேரம் பார்த்து உன் அக்கா கூடாரத்துக்குள் போனாள், ஒரு தலையணை உறைக்குள் கையை விட்டாள், உன் மடக்கு ரம்பத்தை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

நான் கை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை. "டோக்கன்?" என்றாள்.

உனக்கு இது புரியாது, சொல்கிறேன். எங்கள் ஸ்டோரில் எவன் எந்தக் கருவியை எடுத்தாலும் தன் நம்பர் போட்ட பித்தளை டோக்கனை அந்தக் கருவி தொங்கின கொக்கியில் மாட்டிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். கருவி திரும்பி வந்தால்தான் டோக்கன் திரும்பும். ஜெனரல் மேனேஜரே ஒரு ஸ்பேனருக்காக வந்தபோதும் டோக்கன் கேட்டவன் நான். அதைப் பெருமையாக நானே நூறு தரம் அவளிடம் சொல்லியிருக்கிறேன், தன் வாயால் கெடுவது என்றால் இதுதான். ஓய்வு பெற்ற அன்று எடுத்து வந்த ஒன்றாம் நம்பர் டோக்கன் எப்போதும் என் சட்டைப் பையில் இருக்கும். மகள் பார்க்க, மாப்பிள்ளை பார்க்க, அதை எடுத்து உன் அக்கா கையில் வைத்தேன். அவள் அதைப் புரட்டிப் பார்த்து, நம்பரை வாசித்து, இடுப்பில் செருகிக்கொண்ட பிறகுதான் ரம்பத்தைக் கொடுத்தாள். மூன்றே இழுப்பில் தையலும் சாக்கும் போயின, கம்பி தளர்ந்து கழன்றது. இதை ரம்பத்தின் வெற்றி என்று நீ நினைத்துவிடக்கூடாது. கோடாலியின் உறையைக் கழற்றியது, அவ்வளவுதான். ராஜாவுக்குச் செருப்பு மாட்டிவிடுகிறவன் ராஜா ஆகிவிட முடியுமா?

கோடாலி வெளியே வந்தது, பளபளவென்று. இரண்டு கையாலும் பிடித்தேன், காலை அகட்டி நின்றேன், ஓங்கினேன். காம்பு முழுக்க கிரீஸ் தடவியிருந்தேன் என்று மேலே எழுதியிருக்கிறேன், ஒருவேளை நீ கவனிக்காமல் படித்திருப்பாய். நானும் அந்த நேரத்தில் கவனிக்கவில்லை. ஓங்கின கை கீழே வந்தது, கோடாலி வரவில்லை. அது பின்னாலேயே போய்விட்டது. திரும்பிப் பார்த்தேன். கோடாலி பறந்து போய் அந்த மடக்கு நாற்காலியின் நடுவில், சால்வையோடு சேர்த்து இருக்கையைக் கிழித்து, கால் இரண்டை வளைத்து, தரையில் குத்தி நின்றது. நல்லவேளை, எல்லாரும் எனக்கு இந்தப் பக்கம் விழுந்த மரத்தருகில் நின்றிருந்தார்கள், அந்தப் பக்கம் ஈ காக்கை இல்லை. பயத்தை வெளியே காட்டக்கூடாது அல்லவா, "பாத்தியாம்மா? நீ சொன்னேன்னு நான் அங்க உக்காந்திருந்தா என்ன ஆயிருக்கும்?" என்றேன். மகள் சொன்னாள்: "நீங்க அங்க உக்காந்திருந்தா கோடாலியை யாருப்பா வீசியிருப்பா?"

பிறகு அவளுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. கண்ணெல்லாம் கலங்கிவிட்டது. "போதும்பா. விட்டுடுங்க. கேஸ் அடுப்பு கார்லதான் இருக்கு" என்றாள். நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "எதுக்கும் இருக்கட்டும்னு..." என்றார். அதே வார்த்தை! இந்தக் குடும்பத்தில் எல்லாரும் என்னை வைத்துக்கொண்டே 'எதுக்கும் இருக்கட்டும்' என்று இன்னொன்றையும் வைத்துக்கொள்கிறார்கள். கோடாலி பறந்தபோது வராத வருத்தம் அப்போது வந்தது. நான் சத்தம் போடவில்லை. "ஆறு மணி வரைக்கும் டைம் குடும்மா. அப்பவும் விறகு வரலேன்னா நான் போய் கார்ல உக்காந்துக்கறேன்" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். மணியைப் பார்த்தாள். "ஆறு மணி. கிரீஸைத் தொடச்சுட்டு வெட்டுங்க. நாங்க எல்லாரும் அந்தப் பெரிய மரத்துக்குப் பின்னால நின்னுக்கறோம்" என்றாள்.

நாற்காலியிலிருந்து கோடாலியைப் பிடுங்கி, கிரீஸைக் கிழிந்த சால்வையிலேயே அழுத்தித் துடைத்தேன். சால்வைக்கும் ஒரு உபயோகம் வந்தது. இரண்டாவது முறை ஓங்கினேன் பார், மச்சான், பாட்டு டீச்சர் கேட்டிருந்தால் கும்பிட்டிருப்பார். டங்! மரத்தின் நட்டநடுவில் நாலு விரற்கடை ஆழம் இறங்கியது. அவ்வளவு ஆழம் இறங்கினால் என்ன ஆகும்? மாட்டிக்கொள்ளும். மாட்டிக்கொண்டது. இழுத்தேன், வரவில்லை. மிதித்துக்கொண்டு இழுத்தேன், தோளில் 'களுக்' என்று ஒரு சத்தம் வந்தது, கோடாலி வரவில்லை. மேலே சொன்ன வலது தோள் விவரம் இதுதான். உன் அக்கா மரத்துக்குப் பின்னாலிருந்து, "அடி பலம்தான்" என்றாள். அதில் பாராட்டு எத்தனை பங்கு என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அப்போது மாப்பிள்ளை பக்கத்தில் வந்து மண்டியிட்டு உட்கார்ந்தார். கோடாலியை இரண்டு விரலால் பிடித்து இப்படி அசைத்தார், அப்படி அசைத்தார், போன் விளக்கைப் போட்டு இடுக்குக்குள் எட்டிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது, க்ளினிக் முகம். "மாமா, இது ஞானப்பல்லு மாதிரி. இழுத்தா வராது, ஒடைஞ்சுதான் போகும். ரெண்டு பக்கமும் அறுத்துத்தான் எடுக்கணும்" என்றார். "எதால அறுக்கறது?" என்றேன், தெரியாத மாதிரி. ரம்பம் என் காலடியில் கிடந்தது. மணி ஐந்து பத்து.

எடுத்தேன். கோடாலிக்கு இடது பக்கம் அரை அடி தள்ளி வைத்து இழுத்தேன். உள்ளதை மறைக்கக்கூடாது, மச்சான். அது இழுக்கும்போது அறுக்கிறது, தள்ளும்போது சும்மா திரும்பி வருகிறது. 'கர்ர்' என்று ஒரே சீராக ஒரு சத்தம், ஒரே சீராக மரத்தூள், நோகிற வலது தோளை விட்டுவிட்டு இடது கையால் இழுத்தாலும் நேராகப் போகிறது. மாப்பிள்ளை பிடித்துக்கொண்டார். இடது பக்கம் போயிற்று, வலது பக்கம் போயிற்று, கோடாலி ஓரடி மரக்கட்டையோடு தனியாக வந்தது. நான் நிறுத்தவில்லை. கை சூடு பிடித்துவிட்டது. கிளைகளுக்குப் போனேன். மணிக்கட்டுப் பருமன் கிளை, விரல் பருமன் கிளை, ஒன்று விடவில்லை, எல்லாம் ஒரே நீளம். ஸ்டோரில் குழாய் அடுக்குகிற மாதிரி அளவுவாரியாக மூன்று அடுக்காக அடுக்கினேன். மகள் எப்போது மரத்துக்குப் பின்னாலிருந்து வந்தாள் என்று தெரியாது, நான் அறுக்க அறுக்க அவள் வாங்கிக் கொண்டுபோய் வைத்தாள். ஒரு தடவைகூட 'உக்காருங்க' என்று சொல்லவில்லை. உட்கார நாற்காலியும் இல்லை. அதைக் கோடாலி பார்த்துக்கொண்டது.

ஆறு மணிக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது மகள் தீப்பெட்டியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். ஒரே குச்சி. பிடித்துக்கொண்டது. கேஸ் அடுப்பு காரை விட்டு இறங்கவே இல்லை. மிச்ச மரம் இரண்டு துண்டாக இருந்தது, அதை நெருப்புக்கு இரண்டு பக்கமும் உருட்டிவிட்டு அதன் மேல் உட்கார்ந்து டீ குடித்தோம். கொஞ்ச நேரம் கழித்துத் தீ அடங்குகிற மாதிரி இருந்தது. மகள் இருந்த இடத்திலிருந்தே, "அப்பா, இன்னும் ரெண்டு கட்டை குடுங்க" என்றாள். போன வருஷம் என் கையில் கப்பைக் கொடுத்தவள், இந்த வருஷம் என்னிடம் கை நீட்டிக் கேட்டாள். எழுந்து போய், இரண்டாவது அடுக்கிலிருந்து பார்த்து எடுத்துக் கொடுத்தேன். அன்றைக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. அன்றைக்குப் புகை அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது, அதனால் சாக்குச் சொல்லவும் வழியில்லை, சொல்லவும் தோன்றவில்லை.

ஆக, விஷயத்தை நீயே நடுநிலையாக யோசித்துப் பார். விறகு எப்படி வந்தது? அறுத்ததால் வந்தது. ஏன் அறுத்தோம்? கோடாலி மாட்டிக்கொண்டதால் அறுத்தோம். எனவே விறகு வந்தது கோடாலியால். நாற்காலியை ஒழித்தது யார்? அதுவும் கோடாலி. உன் ரம்பத்தை நூறு வருஷம் காட்டில் வைத்திருந்தாலும் அது தானாகப் பறந்து போய் ஒரு நாற்காலியை ஒழித்திருக்குமா? ரம்பம் உதவி செய்தது, மறுக்கவில்லை. வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்கள், அந்த வகையில் உன் ரம்பம் ஒரு நல்ல புல். உன் கடையில் இனி யாராவது வந்து கோடாலியா ரம்பமா என்று கேட்டால் என் அனுபவத்தைச் சொல். வயசைப் பற்றி மட்டும் பேசாதே. கோடாலி பத்திரமாக வீடு வந்து சேர்ந்துவிட்டது.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, வாயைக் கட்டுப்படுத்தத் தெரிந்தவர்களாக, அதாவது அவர்கள் அப்பாவைப் போல் இல்லாமல் வளர என் ஆசிகள். உன் கடையில் சரக்குத் தங்காமல் போகட்டும், சந்தோஷம் தங்கட்டும்.

இப்படிக்கு,
வெற்றி பெற்ற கட்சியைச் சேர்ந்த
உன் அத்தான்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது உன் அக்கா வாங்கிப் படித்தாள். "குப்புற விழுந்தும் மீசையில மண் ஒட்டலையாக்கும்?" என்று கேட்டுவிட்டு, உண்மையை எழுதாவிட்டால் ஒட்ட விடமாட்டேன் என்று பசையை எடுத்து வைத்துக்கொண்டாள். அதனால் எழுதுகிறேன். 'கோடாலி பத்திரமாக வீடு வந்து சேர்ந்துவிட்டது' என்பது உண்மைதான், அந்த ஓரடிக் கட்டையோடு வந்தது. இன்னும் அதிலேயே இருக்கிறது. மாப்பிள்ளை இரண்டு தடவை வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, வலி இல்லை என்றால் அப்படியே விட்டுவிடலாம் என்கிறார். பால்கனியில் இருக்கிறது. உன் அக்கா அதன் காம்பில் ஈரத்துண்டு காயப்போடுகிறாள். ரம்பத்தை நான் திருப்பிக் கொடுக்கவில்லை, அதனால் டோக்கனும் திரும்பவில்லை. டோக்கன் அவளிடமே இருக்கட்டும். நான் ரம்பத்தைக் கொடுப்பதாக இல்லை. பதிவேட்டில் 'ஏற்கப்படவில்லை' என்று இருந்ததை மட்டும் அடித்துவிட்டேன்.

இன்னொரு பி.கு.: பசையைத் திரும்ப வாங்கும்போதே மகள் போன் செய்தாள். அடுத்த மாசம் மறுபடியும் போகிறோமாம், வேறு இடமாம். அங்கே நெருப்பே மூட்டக்கூடாதாம். கேஸ் அடுப்பு மட்டும்தானாம். ஆக, கோடாலியும் வேண்டாம், ரம்பமும் வேண்டாம், மேலே நான் எழுதின ஆறு பக்கமும் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. அது மட்டுமில்லை, புது மடக்கு நாற்காலி ஒன்றும் வாங்கிவிட்டாளாம். "எனக்காம்மா?" என்று கேட்டேன். "அம்மாவுக்குப்பா. உங்களுக்கு எங்க உக்கார நேரம்? ஓடை அரை மைல் தள்ளி இருக்கு, தண்ணி உங்க பொறுப்பு" என்றாள்.

ஆகவே அவசரம். இரும்பு வாளியா, மடக்குகிற தண்ணீர்ப் பையா? உடனே பதில் போடு. மடக்குகிறதுதான் நல்லது என்றால் தயங்காமல் சொல், கேட்டுக்கொள்கிறேன். வயசைப் பற்றி மட்டும் பேசாதே.